சொந்த வீட்டுச் சண்டை

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்து, கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் ஒரு கறுப்பு இளைஞனுக்கோ பெண்ணுக்கோ ஒரு தேர்வு காத்திருக்கிறது. எல்லோருக்குமான கல்லூரியா, கறுப்பர்களுக்கென்று தோன்றிய கல்லூரியா? முதல் வகையில் ஹார்வர்டிலிருந்து உள்ளூர்க் கல்லூரி வரை சில ஆயிரம் உண்டு. இரண்டாவது வகையில் ஏறக்குறைய நூறு. கறுப்பர்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு 1964-க்கு முன் நிறுவப்பட்டவை என்று 1965-ம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் இவற்றுக்கு வரையறை சொல்கிறது. ஆக, இந்தக் குடும்பத்தில் இனிப் புதிதாக ஒன்று பிறக்க முடியாது. இருப்பவை சாகலாம், சில செத்துமிருக்கின்றன.

இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலர் பெருமிதப் பட்டியல் வாசிக்கிறார்கள்: மார்ட்டின் லூதர் கிங் இங்கே படித்தார், நீதிபதி தர்குட் மார்ஷல் அங்கே படித்தார் என்று. வேறு சிலர், பாகுபாடு சட்டப்படி ஒழிந்த பிறகு இவை எதற்கு என்று கேட்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்குப் போதவில்லை. நான் இவற்றிடம் இலக்கியத்தின் வழியாக வந்து சேர்ந்தேன். ஸோரா நீல் ஹர்ஸ்டன், லாங்ஸ்டன் ஹ்யூஸ், ரால்ஃப் எல்லிஸன், டோனி மாரிஸன், அமிரி பராகா, ஆலிஸ் வாக்கர் என்று யாரைத் தொட்டாலும் இந்தக் கல்லூரிகளில் ஏதோ ஒன்றின் வாசல் தென்படுகிறது. கூடவே இன்னொன்றும் தென்படுகிறது. இவர்களில் பலர் தம் கல்லூரியோடு ஒத்துப்போகவில்லை. சிலர் பாதியில் வெளியேறினார்கள். ஒருவர் அதைத் தம் நாவலில் கிழித்துத் தொங்கவிட்டார். தன் சிறந்த பிள்ளைகளாலேயே ஏசப்பட்ட ஒரு ஸ்தாபனத்துக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், மேலே சொன்ன மாணவனின் தேர்வுக்கும் பதில் கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஆரம்பத்தில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தென் மாநிலங்களில் பலவும் குற்றமாக்கியிருந்தன. வடக்கில் ஒரு க்வேக்கரின் உயில் பணத்தில் 1837-ல் பிலடெல்பியாவில் தோன்றிய பள்ளிதான் பின்னால் செய்னி பல்கலைக்கழகமாயிற்று. 1854-ல் லிங்கன், 1856-ல் வில்பர்ஃபோர்ஸ். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல், வர்ஜீனியாவில் மேரி பீக் என்ற சுதந்திரக் கறுப்புப் பெண்மணி, தப்பி வந்த அடிமைகளுக்கு ஓர் ஓக் மரத்தடியில் பாடம் சொன்னாள். அந்த மரம் இன்று ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. போர் முடிந்ததும் கல்லூரிகள் மளமளவென்று எழுந்தன. 1866-ல் நாஷ்வில்லில் ஃபிஸ்க், 1867-ல் வாஷிங்டனில் ஹோவர்ட், அதே ஆண்டு ஒரு சர்ச்சின் நிலவறையில் பின்னாளைய மோர்ஹவுஸ், 1881-ல் அட்லாண்டாவில் இன்னொரு சர்ச்சின் நிலவறையில் பதினோரு பெண்களோடு பின்னாளைய ஸ்பெல்மன். கல்லூரி என்பது பெயரளவில்தான். முதலில் அங்கே நடந்தது அரிச்சுவடி.

ஃபிஸ்கின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ராணுவம் விட்டுப்போன பழைய மருத்துவமனைக் கொட்டகைகளில் தொடங்கிய அது, ஐந்தே ஆண்டுகளில் கடனில் மூழ்கியது. 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்கள் கல்லூரியைக் காப்பாற்றப் பாடப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முதலில் அவர்கள் மேடையில் பாடியது வெள்ளையர் ரசிக்கும் பாட்டுகளைத்தான். தம் பெற்றோர் தோட்டங்களில் ரகசியமாகப் பாடிய பக்திப் பாடல்களை அந்நியர் முன்னால் பாட அவர்களுக்குக் கூச்சம். அவை புனிதமானவை, அடிமைக் காலத்தோடு சேர்த்து மறக்கப்படவேண்டியவையும்கூட. மெல்ல மெல்லத்தான் அவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கேட்டவர்கள் அழுதார்கள், பணம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் விக்டோரியா ராணி கேட்டாள். சேர்ந்த பணத்தில் 1876-ல் ஜூபிலி ஹால் எழுந்தது. இந்த வரலாற்றில் ஒரு கசப்பும் இருக்கிறது. கல்லூரி நிற்க வேண்டுமானால் உள்ளே பொத்திவைத்ததை வெளியே எடுத்து விற்கவேண்டியிருந்தது. அப்படி விற்றதனாலேயே அந்தப் பாடல்கள் உலகத்துக்குக் கிடைத்தன, பிழைத்தன. கலையும் நிர்ப்பந்தமும் இப்படிப் பின்னிக்கொண்ட இடத்தைச் சரி என்றும் தப்பு என்றும் சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

கொடுப்பவன் கை மேலே இருக்கும்வரை வாங்குகிறவன் கழுத்து நிமிராது. வடக்கத்திய மிஷன்களும் தொழிலதிபர்களும் கொடுத்த பணத்தோடு, கறுப்பன் எதைப் படிக்கவேண்டும் என்ற அபிப்பிராயமும் கூடவே வந்தது. 1890-ம் ஆண்டின் இரண்டாவது மாரில் சட்டம், நிலக்கொடைக் கல்லூரிகளில் கறுப்பர்களைச் சேர்க்காத மாநிலங்கள் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைக்கவேண்டும் என்றது. தெற்கு தனிக் கல்லூரி வைத்தது, பட்டினியும் போட்டது. இந்த வழியில் வந்தவை இன்று பத்தொன்பது. பட்டினியின் கணக்கு வெகுகாலம் கழித்து வெளிவந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசின் கல்வி, விவசாயத் துறைகளின் செயலர்கள் பதினாறு மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் மட்டும் இந்தக் கல்லூரிகளுக்குச் சேரவேண்டிய 1,200 கோடி டாலருக்கு மேல் சேரவில்லை என்றது கடிதம்.

அலபாமாவில் 1881-ல் டஸ்கிகீயைத் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன், கொடுப்பவர் மனத்தை அறிந்தவர். செங்கல் சுடவும் தச்சு வேலை செய்யவும் கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் தாங்கள் சுட்ட செங்கல்லால் தாங்களே வகுப்பறை கட்டினார்கள். இதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அரசியல் உரிமைக்கு அவசரமில்லை என்பது அந்தச் செங்கல்லோடு சேர்ந்து சுடப்பட்ட செய்தி. அவருக்கு அங்கே 1922-ல் வைத்த சிலையில், மண்டியிட்ட ஓர் அடிமையின் மேலிருந்து அறியாமைத் திரையை அவர் விலக்குகிறார். 1933-ல் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஓக்லஹோமாவிலிருந்து அங்கே சங்கீதம் படிக்க வந்த எல்லிஸன், 1952-ல் வெளிவந்த தம் நாவலில் இதே போன்ற சிலையைக் கொண்டுவந்தார். திரை விலக்கப்படுகிறதா, இன்னும் இறுக்கி மூடப்படுகிறதா என்று அவருடைய கதாநாயகனுக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அந்த நாவலில் கல்லூரியின் கறுப்புத் தலைவர் வெள்ளைத் தர்மகர்த்தாக்களின் முன் குழைந்து, மாணவனின் முதுகில் குத்துகிறார். இவ்வளவும் எழுதிய எல்லிஸன்தான் எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையைப் படித்ததும் அதன் மூலங்களைத் தேடித் தேடிப் படித்ததும் டஸ்கிகீ நூலகத்தில் என்பதையும் பதிவுசெய்தார். செங்கல் சுடச் சொன்ன இடத்தில் எலியட் இருந்தார். ஸ்தாபகரின் திட்டத்தில் இல்லாத ஒன்று அலமாரியில் இருந்தது. ஒரு கல்லூரியை அதன் திட்டத்தை வைத்து மட்டும் எடைபோட முடியாது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை.

டு பாய்ஸ் விஷயம் இன்னும் தெளிவானது. மாஸசூஸெட்ஸில் வெள்ளையர் நிறைந்த ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். ஆசைப்பட்டது ஹார்வர்டுக்கு; 1885-ல் போனது ஃபிஸ்குக்கு. அங்கேதான் முதல்முறையாகத் தம் நிறத்தவர்களைக் கூட்டமாகப் பார்த்தார். விடுமுறைகளில் டென்னஸி கிராமங்களில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1888-ல் ஹார்வர்ட் அவரை எடுத்துக்கொண்டபோது, ஃபிஸ்க் பட்டத்தை முழுசாக மதிக்காமல் மூன்றாம் ஆண்டில்தான் சேர்த்தது. 1903-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் டென்னஸி கிராமமும் அடிமைப் பாடல்களும் இருக்கின்றன. அவை ஹார்வர்டில் கிடைத்தவையல்ல. ஹார்வர்ட் அவருக்குக் கருவி கொடுத்திருக்கலாம். பொருள் ஃபிஸ்கில் கிடைத்தது.

அதே டு பாய்ஸ் 1924-ல், தம் மகள் பட்டம் பெறும் சமயத்தில், ஃபிஸ்குக்குப் போய் அதன் வெள்ளைத் தலைவரைக் கண்டித்துப் பேசினார். அந்தத் தலைவர் மாணவர் பத்திரிகையை நிறுத்தியிருந்தார். உடை, நடை எல்லாவற்றுக்கும் விதி போட்டிருந்தார். தெற்கத்திய வெள்ளையரும் பணக்காரப் புரவலர்களும் திருப்தியாக இருந்தார்கள். 1925-ல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர் ராஜினாமா செய்தார். அதே ஆண்டு ஹோவர்டில் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு எதிராக வேலைநிறுத்தம். 1926-ல் ஹோவர்டுக்கு முதல் கறுப்புத் தலைவர் வந்தார்.

இந்தச் சண்டைகளில்தான் நான் விஷயத்தின் மையத்தைப் பார்க்கிறேன். ஹார்வர்டில் டு பாய்ஸ் விருந்தாளி. விருந்தாளி நன்றி சொல்லலாம், மனம் புண்பட்டு ஒதுங்கியிருக்கலாம், எழுந்து போய்விடலாம். சமையல் சரியில்லை என்று அடுப்படிக்குள் நுழைய முடியாது. ஃபிஸ்கில் அவர் அடுப்படிக்குள் நுழைந்தார்.

ஹ்யூஸ் 1921-ல் கொலம்பியாவில் சேர்ந்து ஓராண்டில் வெளியேறினார். 1926-ல் லிங்கனில் சேர்ந்தார். மாணவர்கள் அனைவரும் கறுப்பர், ஆசிரியர்கள் அனைவரும் வெள்ளையர் என்றிருந்த கல்லூரி அது. 1929-ல், கடைசி ஆண்டில், அவர் மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார். கறுப்பு ஆசிரியர் வேண்டாம் என்றே பெரும்பாலானவர்கள் சொல்லியிருந்தார்கள். ஹ்யூஸ் அதை மறைக்கவில்லை, வெளியிட்டார். தன் இனத்தின் சுய வெறுப்பை எண்ணிக்கையில் பதிவு செய்ய ஒரு கவிஞன் முன்வந்தது, வெளியாள் எவனும் செய்யாத, செய்தாலும் அர்த்தப்படாத காரியம். கொலம்பியாவிலிருந்து அவர் வெறுமே வெளியேறினார். லிங்கனிலிருந்து அதன் உள்நோயைச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

ஹோவர்டில் ஆலன் லாக் முதலானவர்கள் 1916-ல் ‘ஸ்டைலஸ்’ என்று ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தார்கள். ஹர்ஸ்டனின் முதல் கதை 1921-ல் அதில்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் பர்னார்ட் கல்லூரிக்குப் போனபோது அங்கே அவர் ஒருவர்தான் கறுப்பர். ஒருவராக இருக்கும்போது மனிதன் ஒரு மாதிரிப் பொருள் ஆகிவிடுகிறான். அவன் வாய் திறந்தால் ஓர் இனமே பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் கறுப்பராக இருக்கும் இடத்தில் கறுப்பு என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. அங்கே பணக்காரன், ஏழை, கெட்டிக்காரன், அசடு, பக்திமான், நாத்திகன் என்ற பிரிவுகள் மேலே வருகின்றன. தோல் சற்று வெளுத்தவர்களுக்கு இருக்கும் மவுசும் வருகிறது. மாரிஸன் ஹோவர்டில் 1953-ல் பட்டம் பெற்றார். 1957 முதல் 1964 வரை அங்கே பாடம் சொன்னார். அங்கே நிலவிய இந்த நிற ஏற்றத்தாழ்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஷேக்ஸ்பியரில் கறுப்புப் பாத்திரங்கள் பற்றிக் கட்டுரை எழுத விரும்பியபோது ஆசிரியர் முகம் சுளித்ததையும் சொல்லியிருக்கிறார். ஆனால் நீலக் கண்ணுக்கு ஏங்கும் கறுப்புச் சிறுமியைப் பற்றிய அவருடைய முதல் நாவல், ஹோவர்டில் ஒரு சிறிய எழுத்தாளர் வட்டத்துக்காக எழுதிய சிறுகதையிலிருந்துதான் வளர்ந்தது. நோய் இருந்த இடத்திலேயே நோயைப் பார்க்கும் கண்ணும் கிடைத்தது.

ஸ்டெர்லிங் பிரௌன் 1929-லிருந்து நாற்பது ஆண்டுகள் ஹோவர்டில் ஆங்கிலம் கற்பித்த கவிஞர். ப்ளூஸ், ஜாஸ் எல்லாம் பாடத்திட்டத்துக்கு இழிவு என்று கல்லூரி நினைத்த காலம். அவர் வகுப்புக்கு வெளியே இசைத்தட்டு வைத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். கேட்டவர்களில் ஒருவர் பராகா. பட்டம் வாங்காமல் வெளியேறி, ஹோவர்டின் நடுத்தர வர்க்கப் பாவனையை ஆயுள் முழுவதும் திட்டியவர். திட்டியதோடு, ப்ளூஸ் பற்றி 1963-ல் ஒரு புத்தகமும் எழுதினார். பட்டம் கொடுக்காத கல்லூரியிடமிருந்து அவர் எதைப் பெற்றார் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி.

1960 பிப்ரவரி 1 அன்று க்ரீன்ஸ்பரோவில், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேஜையில் போய் உட்கார்ந்த நான்கு பேரும் நார்த் கரோலைனா ஏ அண்ட் டி என்ற கறுப்புக் கல்லூரியின் மாணவர்கள். கிளர்ச்சி பரவியபோது, மாநிலப் பணத்தை நம்பிய கறுப்புக் கல்லூரிகள் சில தங்கள் மாணவர்களையே வெளியேற்றின. ஸ்பெல்மனில் மாணவிகளுக்கு ஆதரவாக நின்ற ஹோவர்ட் ஸின் 1963-ல் வேலை இழந்தார். ஆலிஸ் வாக்கர் அங்கிருந்து வேறு கல்லூரிக்குப் போனார். ஃபிஸ்கில் நிக்கி ஜியோவான்னி, அனுமதியில்லாமல் விடுமுறைக்கு ஊருக்குப் போனதற்காக முதல் பருவத்திலேயே நீக்கப்பட்டார். பிறகு திரும்பி வந்து 1967-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஃபிஸ்கில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில், புலிட்ஸர் பரிசு பெற்று நிலைபெற்றுவிட்ட க்வெண்டலின் ப்ரூக்ஸ் இளைஞர்களின் கோபத்தை நேரில் சந்தித்துத் தம் கவிதையின் திசையையே மாற்றிக்கொண்டார். 1970 மே 15 அன்று மிஸிஸிப்பியில் ஜாக்ஸன் ஸ்டேட் கல்லூரியின் பெண்கள் விடுதிமேல் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். பதினோரு நாட்களுக்கு முன் ஒஹையோவில் கெண்ட் ஸ்டேட்டில் இறந்த நால்வரை உலகம் நினைவு வைத்திருக்கிறது. இந்த இருவரை அந்தக் கல்லூரிதான் நினைவு வைத்திருக்கிறது. நினைவு வைத்திருப்பதும் கல்லூரியின் வேலைகளில் ஒன்று.

மோர்ஹவுஸில் பதினைந்து வயதில் கிங் சேர்ந்தது 1944-ல். தலைவர் பெஞ்சமின் மேஸ் 1936-37-ல் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தவர். அந்தப் பயணத்தில் தாழ்த்தப்பட்டோர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அவரையும் தீண்டப்படாதவர் என்றே மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். மேஸுக்கு முதலில் திடுக்கிட்டது. யோசித்தபோது அது உண்மை என்று பட்டது. தம்மைப் பிறர் என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதை இவ்வளவு நிதானமாக எடைபோட்ட ஒருவர்தான் கிங்குக்குத் தலைவராக வாய்த்தார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. 2020-லும் 2021-லும் கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி ஆனபோது தமிழ்ப் பத்திரிகைகள் துளசேந்திரபுரத்துக் கோயிலையும், சுவரொட்டிகளையும், தாத்தாவோடு அவர் நடந்த கடற்கரையையும் விஸ்தாரமாக எழுதின. ஹோவர்டைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டன. சென்னையிலிருந்து போன ஷ்யாமளா கோபாலன், அமெரிக்கா தம் இரண்டு பெண்களையும் கறுப்பர்களாகத்தான் பார்க்கும் என்று அறிந்து, அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சுமக்கும்படி அவர்களை வளர்த்தார் என்று மகள் எழுதியிருக்கிறார். 1982-ல் அந்த மகள் மான்ட்ரியாலிலிருந்து ஹோவர்டைத் தேர்ந்தெடுத்தது இதன் தொடர்ச்சி. 2024 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றபின் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதும் அதே வளாகத்தில்தான். அவருடைய அரசியல் எனக்கு இங்கே சம்பந்தமில்லை. தோற்ற அன்று போய் நிற்க ஓர் இடம் இருப்பது சம்பந்தமுள்ளது. நம் பத்திரிகைகள் ரத்தத்தைத் துருவினார்களே தவிர, அவர் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்கவில்லை.

1954 தீர்ப்புக்கும் 1964 சட்டத்துக்கும் பிறகு மற்றக் கல்லூரிகளின் கதவு திறந்தது. போகக்கூடியவர்கள் போனார்கள். 1976-77-ல் கறுப்பர் பெற்ற இளங்கலைப் பட்டங்களில் நூற்றுக்கு 35 இந்தக் கல்லூரிகள் கொடுத்தவை. 2021-22-ல் 13. மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இன்று கறுப்பரல்லாதவர்கள். வர்ஜீனியாவில் செயின்ட் பால்ஸ் கல்லூரி 2013-ல் மூடப்பட்டது. அட்லாண்டாவில் மாரிஸ் பிரௌன் 2002-ல் அங்கீகாரம் இழந்து இருபது ஆண்டு கழித்து மீண்டது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரி அனுமதியில் இனத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்றது. கதவு மறுபடி சற்றுச் சாத்தப்படுகிறதோ என்ற பயம் வந்திருக்கிறது. பழைய கல்லூரிகளின் பக்கம் பார்வையும் திரும்பியிருக்கிறது.

ஆகவே தேர்ந்தெடுக்கப் போகும் மாணவனிடம் பெருமிதப் பட்டியலை நீட்டுவது அவனை ஏமாற்றுவது. கல்லூரி அங்கீகாரத்தோடு இருக்கிறதா, எவ்வளவு கடன் சுமக்கவேண்டியிருக்கும், சேர்கிறவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று அவன் எங்கே போனாலும் விசாரிக்கவேண்டியதுதான். விடுதிக் கூரை ஒழுகுகிறதா என்றும் கேட்கட்டும். 2021-ல் ஹோவர்ட் மாணவர்கள் விடுதிகளின் பூஞ்சைக்கும் சீர்கேட்டுக்கும் எதிராக ஒரு கட்டடத்தைப் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் உள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். இதைச் சொன்னால் அந்தக் கல்லூரிக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அது 1925-ன் தொடர்ச்சியாகத் தெரிகிறது. தன்னுடையது என்று நினைக்கிறவன்தான் ஒழுகும் கூரைக்கடியில் படுத்துச் சண்டை போடுவான். மற்றவன் வேறு வீடு பார்ப்பான். வேறு வீடு பார்ப்பதும் தப்பில்லை; ஆலிஸ் வாக்கர் அதைத்தான் செய்தார். ஆனால் ஒரு நாட்டில் ஒரு ஜனத்துக்கு விருந்தாளியாகப் போக ஆயிரம் வீடும், சண்டை போடச் சொந்தமாக ஒரு வீடும் இல்லாமல் போகுமானால், அதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.